இடது தாடை, வலது மணிக்கட்டு

என் தம்பிக்கு வொர்க்‌ஷாப்பில் ‘ஒரே அடி’ என்று பெயர். நசுங்கிய கார்க் கதவை மற்ற டிங்கர்கள் காலையிலிருந்து டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டிருப்பார்கள். இவன் எழுந்து வருவான். இடது கையில் இரும்புக் கட்டையைப் பிடித்துத் தகட்டுக்கு உள்பக்கம் முட்டுக் கொடுப்பான். பள்ளத்தை விரலால் ஒரு தடவு தடவுவான். வலது கையால் சுத்தியலை இறக்குவான். பள்ளம் வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகும் சின்னச் சின்னத் தட்டுகள் பாக்கி இருக்கும், ஆனால் ஆட்கள் கைவேலையை விட்டுவிட்டு வந்து நின்று பார்ப்பது அந்த முதல் அடியைத்தான்.

அந்தக் கை அவனுக்கு அப்பாவிடமிருந்து வந்தது. எங்கள் அப்பாவுக்கு வாய் பேசாது, கைதான் பேசும். அம்மா போன பிறகு வீட்டில் அடி வாங்க ஆள் குறைந்துவிட்டதென்று என் பங்கைக் கூட்டிக் கொடுத்தார். அந்த வீட்டில் தம்பிக்குத் தலை வாரிவிட்டு, வாயில் சாப்பாட்டைத் திணித்து, பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனவள் நான். அங்கே போய் அவன் ஒருத்தனின் முன்பல்லைப் பெயர்த்துவிட்டு வந்தான். “ஏன்டா?” என்று கேட்டேன். “அவன் என்னைப் பாத்தான்க்கா” என்றான். பார்த்தது குற்றமாம்.

அவனைப் பற்றிச் சொல்வதென்றால் அடியைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல பிள்ளை, நல்ல உழைப்பாளி, எனக்குக் காய்ச்சல் என்றால் ஓடி வருகிறவன், எல்லாம் உண்மைதான். ஆனால் அவனுக்குக் கல்யாணம் ஆன சில வருஷத்திலேயே எனக்கு ஒரே ஒரு கவலைதான் மிஞ்சியது. அவன் கையால் அவன் பெண்டாட்டி செத்துவிடக் கூடாது. மற்றது எப்படிப் போனாலும் போகட்டும்.

கெட்ட நேரம் ஒரு சங்கிலியில் வந்தது. மோதி வளைந்த வண்டியைத் தரையில் பூட்டி, சங்கிலி மாட்டி, மெஷின் வைத்து இழுத்து நிமிர்த்துவார்கள். இழுக்கும்போது சங்கிலிக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. எல்லோருக்கும் அதைச் சொல்லிக் கொடுப்பவனே இவன்தான். அன்றைக்குப் பெயிண்டரோடு ஏதோ வாய்த் தகராறு, அவனைத் திட்டிக்கொண்டே குறுக்கே நடந்தான். கொக்கி வழுக்கியது. சங்கிலி சாட்டை மாதிரி சுழன்று பின்கழுத்திலும் இடது தோளிலும் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது என்று முதலாளி சொன்னார்.

எலும்பு கூடியது. வலி போகவில்லை. கழுத்திலிருந்து தோள் வழியாக விரல் நுனிவரை யாரோ கம்பியைச் சுட்டு உள்ளே செருகுகிற மாதிரி இருக்கிறது என்பான். இரும்புக் கட்டையை இடது கையால் முட்டுக் கொடுத்துப் பிடிக்கவில்லையென்றால் டிங்கர் வேலை இல்லை. வலது கை ஓங்கும் ஒவ்வொரு அடியும் கட்டை வழியாக இடது தோளில் ஏறும். தன் சுத்தியலால் தன்னையே அடித்துக்கொள்கிற பிழைப்பு அது. டாக்டர்கள் ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், கடைசியில் இனிமேல் இதோடு வாழப் பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்றார்கள். அவன் பாட்டிலோடு வாழப் பழகிக்கொண்டான்.

முதலில் தூக்கத்துக்கு என்றான். பிறகு சாயங்காலத்துக்கு. பிறகு சுத்தியல் பெட்டிக்கு அடியிலேயே பாட்டில் இருந்தது. “என்னப்பா, கிழவன் மாதிரி முனகுற?” என்று கேட்ட வாடிக்கையாளரின் கார்க் கண்ணாடியை, அவர் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே சுத்தியலால் நொறுக்கினான். அவர் முகமெல்லாம் கண்ணாடித் தூள், ரத்தம். பெயிண்டர் மேல் கொதிக்கிற டீயை வீசினான். சாராயக் கடையில் ஒருத்தனின் காதைக் கடித்துக் குதறிவிட்டு, வாயில் ரத்தத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். “தண்ணி குடுக்கா, வாய் கொப்பளிக்கணும்” என்றான், வெற்றிலை போட்ட ஆள் கேட்கிற மாதிரி. செம்பைக் கையில் கொடுக்கவில்லை, தலையில் கொடுத்தேன்.

வெளியில் இவ்வளவு என்றால் வீட்டுக்குள் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. அவன் பெண்டாட்டி சட்டைக் கம்பெனியில் இஸ்திரி போட்டு மடிக்கிறவள். ஒடிசலான பெண். அதிகம் பேச மாட்டாள், பேசினால் நறுக்கென்று இருக்கும். அவள் தலையைச் சுவரில் மோதினான். முடியைக் கையில் சுற்றிக்கொண்டு படியில் இழுத்தான். நாற்காலி, தட்டு, டிவி எல்லாம் அந்த வீட்டில் பறந்தவைதான். மறுநாள் காலையில் உட்கார்ந்து அழுவான். நன்றாகவே அழுவான், அந்த வேலையிலும் கெட்டிக்காரன். நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். யாராவது வந்து சொன்னால் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். துடைப்பத்தால் அடித்திருக்கிறேன், வாளியால் அடித்திருக்கிறேன். என்னைத் திருப்பி அடித்ததில்லை. தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வான்.

வலியால் குடி வந்தது, குடியால் அடி வந்தது. இதுதான் என் கணக்கு. தெருவே அப்படித்தான் சொன்னது. குடியை நிறுத்திவிட்டால் போதும், பையன் சரியாகிவிடுவான் என்று நானும் நம்பினேன்.

எனக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற வேலை. ரத்தமும் சீழும் ஊறிய விரிப்பெல்லாம் என் கைக்குத்தான் வரும். அங்கேதான் இந்த விஷயம் காதில் விழுந்தது. தீராத வலியும் அளவு மீறிய குடியும் சேர்ந்து இருக்கிறவர்களுக்குப் போன் வழியாகவே உதவி செய்கிறார்களாம். வலிப் பிரிவு நர்ஸ் ஒரு சின்னப் பெண், கண்ணாடி போட்டவள். அவளைத் துரத்திப் பிடித்து, “என் தம்பியைச் சேர்த்துக்கோம்மா, இல்லேன்னா ஒருநாள் இங்க பொணம்தான் வரும்” என்றேன். பயந்தே சேர்த்துக்கொண்டாளோ என்னவோ.

அவனையும் அவன் பெண்டாட்டியையும் உட்காரவைத்து நர்ஸ் விளக்கினாள். காலை, மதியம், சாயங்காலம் போன் கூப்பிடும். வலி எவ்வளவு என்று கேட்கும், ஒன்றுமே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. ஒரு மனித உடம்பின் படம் வரும், வலிக்கிற இடத்தைத் தொட்டால் அந்த இடம் சிவக்கும். குடிக்க வேண்டும் என்று தோன்றுகிறதா, குடித்தாயா என்று கேட்கும். பதிலுக்கு ஏற்ற மாதிரி ஒரு குரல் வழி சொல்லும். வாரக் கடைசியில் நர்ஸே வீடியோவில் பேசுவாள்.

“ஒண்ணு மட்டும் முக்கியம் அண்ணா. பதில் போடும்போது பக்கத்துல யாரும் இருக்கக் கூடாது. நீங்களே, தனியா, உங்க கையால போடணும்” என்றாள்.

மூன்று பேரும் மண்டையை மண்டையை ஆட்டினோம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் போன் அவன் கையை மதிக்கவில்லை. சுத்தியலும் வெல்டிங் பொறியும் பட்டுப் பட்டு அவன் விரல் நுனி செருப்புத் தோல் மாதிரி ஆகியிருந்தது. கண்ணாடியைத் தொடுகிறான், தேய்க்கிறான், குத்துகிறான், ஒன்றும் அசையவில்லை. விரலை நக்கிவிட்டுத் தொட்டான். கடைசியில் குனிந்து மூக்கு நுனியால் ஒன்பதைத் தொடப் போய், பூஜ்யத்தைத் தொட்டுவிட்டான். ‘வலியே இல்லையா? மிகவும் மகிழ்ச்சி!’ என்று போன் வாழ்த்தியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் போனைச் சுவரை நோக்கி விட்டெறிந்தான். அவன் பெண்டாட்டி குறுக்கே கையை நீட்டிப் பிடித்துவிட்டாள். பறந்து வருவதைப் பிடித்துப் பழகிய கை.

“குடுங்க, நான் போடறேன்” என்றாள்.

அன்றிலிருந்து அவன் வாயால் சொல்வான், அவள் விரலால் போடுவாள். போன் கூப்பிட்டதும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வான். “ஏய், எட்டு போடு!” ஏலம் விடுகிற இடத்தில் நிற்கிறவன் மாதிரி கத்துவான். “இடம் அதேதான், போடு! தோணுதா? தோணுது, போடு! குடிச்சேனா? இன்னும் இல்ல, போடு!” அவள் தொட்டுத் தொட்டுப் போடுவாள். திரையை அவன் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அந்தப் படத்தில் எது சிவந்தது என்று யாருக்குத் தெரியும்? நர்ஸிடம் இதையெல்லாம் சொல்வானேன் என்று விட்டுவிட்டோம்.

போனில் பேசிய குரலுக்கு அவன் ‘டீச்சரம்மா’ என்று பேர் வைத்தான். “இந்தத் தவிப்பு தானாக ஏறும், தானாக இறங்கும். அதுவரை என்னோடு இருங்கள்” என்று டீச்சரம்மா சொல்லும். தோளில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு, மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, நடுநடுவே டீச்சரம்மாவைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். ஆனால் எழுந்து போக மாட்டான். நர்ஸ் சொல்லி டாக்டர் மருந்தை மாற்றினார், நடுக்கம் குறைந்தது. கட்டையைப் பிடிக்க முதலாளி ஒரு தாங்கி செய்து கொடுத்தார், தோளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. சுத்தியல் பெட்டிக்கு அடியில் இருந்த பாட்டில் காணாமல் போயிற்று.

அந்தப் போன் உண்மையிலேயே வேலை செய்தது. அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. வெளுக்கிற இடத்தில் நான் பீற்றிக்கொண்ட பீற்றல் கொஞ்சநஞ்சமல்ல.

ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவள் தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள்.

“என்னடி இது, பல்வலியா?”

“ஆமா அண்ணி.”

நான் நம்பவில்லை. நேரே தம்பியிடம் போய், “வாயைத் திறடா” என்று மோந்து பார்த்தேன். ஒரு வாசனை இல்லை. பச்சைக் குழந்தை வாய் மாதிரி இருந்தது. அப்படியென்றால் பல்வலிதான் என்று முடிவு கட்டிக்கொண்டு, கிராம்பை நசுக்கி வைக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நர்ஸ் வீடியோவில் வந்தாள். வீட்டு ஆட்களும் இருந்தால் நல்லது என்று முன்பே சொல்லியிருந்ததால் நானும் போயிருந்தேன். தம்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். போன் மேசையில், தண்ணீர்ச் செம்பு மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அவன் பெண்டாட்டி சமையல் கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“அண்ணா, குடி ரொம்ப நல்லா குறைஞ்சிருக்கு. எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம்” என்றாள் நர்ஸ். தம்பி காலரைச் சரி செய்துகொண்டான். “ஆனா ஒண்ணுதான் எனக்குப் புரியல. குடி இறங்க இறங்க வலி ஏறிக்கிட்டே போகுதே?”

“ஏறுதா? இல்லையே. எனக்கு இப்பல்லாம் நாலு, மிஞ்சிப் போனா அஞ்சு.”

“இங்க எட்டு, ஒன்பதுன்னு வந்திருக்கே. அதுவும் கழுத்துல இல்ல, தோள்ல இல்ல.” அவள் குனிந்து எதையோ பார்த்துப் படித்தாள். “இடது தாடை. வலது மணிக்கட்டு. இடது பக்கம் விலா. நேத்து காதுக்குப் பின்னால. எங்கயாவது விழுந்தீங்களா அண்ணா?”

“தாடையா?” என்றான் தம்பி. தன் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகத் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான்.

நானும் அப்போதுதான் அவளைப் பார்த்தேன். துணிக்குக் கீழே தாடை மஞ்சளும் ஊதாவுமாக வீங்கியிருந்தது. வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். அவள் கண்ணைத் தாழ்த்தவே இல்லை.

“அண்ணா? கேக்குதா?” என்றது போன்.

“ஊருக்கே காட்டிக் குடுத்தியாடி?” என்று மட்டும் கேட்டான். சத்தம்கூடப் போடவில்லை. எழுந்த வேகத்தில் மேசை கவிழ்ந்தது, போன் தரையில் மல்லாந்து விழுந்தது. இரண்டே எட்டில் அவளிடம் போய்ச் சேர்ந்தான். முதல் அடி அதே தாடையில் விழுந்தது. என் காதால் கேட்டேன், காய்ந்த விறகு ஒடிகிற சத்தம். அவள் கதவு நிலையில் மோதிக் கீழே சரிந்தாள். அவள் மேல் மண்டி போட்டுக் கழுத்தை நெரித்தான். அவள் கால் தரையில் உதைத்துக்கொண்டது, வாயோரம் ரத்தமும் நுரையும் வந்தது. நான் அவன் முடியைப் பிடித்து இழுத்தேன், முதுகில் குத்தினேன், கடித்தேன். பாறையைக் கடித்த மாதிரி இருந்தது.

“யாராவது இருக்கீங்களா? வெளிய ஓடுங்க! நான் போலீசைக் கூப்பிடறேன்!” என்று நர்ஸ் கூரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

அவன் பிடிக்குக் கீழே அவள் உதைப்பது குறைந்துகொண்டே வந்தது. வாசல் பக்கம் அவன் வேலைப் பை கிடந்தது. அதிலிருந்து இரும்புக் கட்டையை எடுத்தேன். நான் நனைந்த விரிப்புகளைத் தூக்கித் தூக்கிப் போடுகிறவள், என் கையும் சாமானியக் கை இல்லை. அவனுக்கு எங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரியும். இடது தோளைப் பார்த்து இறக்கினேன். எலும்பு உடைந்தது என் உள்ளங்கை வரைக்கும் தெரிந்தது. அவன் ‘அக்கா’ என்று அலறிக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்தான். மறுபடி எழுந்தால் மண்டையில் போடுவது என்று கட்டையை ஓங்கியபடியே நின்றேன். எழவில்லை.

இரண்டு பேரையும் நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டு போனார்கள். போலீஸ்காரர் வந்து, “யாரும்மா அடிச்சது?” என்று கேட்டார்.

“எந்த அடியைக் கேக்கறீங்க? பொண்ணு மேல விழுந்ததெல்லாம் அவன். அவன் மேல விழுந்தது நான்” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

அவளுக்குத் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மணிக்கட்டில் பழைய விரிசல், விலாவில் அதைவிடப் பழையது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் குரல்வளை போயிருக்கும், ஆளும் போயிருப்பாள் என்றார் டாக்டர். பல்லைச் சேர்த்துக் கம்பி கட்டியிருந்தார்கள். பல்லைத் திறக்காமலேயே பேசப் பழகிக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமேடி. அதை விட்டுட்டு அந்தப் போன்ல எதுக்குடி போட்டே?”

“நீங்க பல்வலியான்னு கேட்டீங்க. அது எங்க வலிக்குதுன்னு கேட்டுச்சு அண்ணி” என்றாள். “தினமும் கேட்டுச்சு. வேற யாரும் கேக்கல. தொட்டேன்.”

அவள் விரிப்பை நானே எடுத்துப் போய் வெளுத்துக் கொண்டு வந்தேன்.

நர்ஸ் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அவர் முன்னால படிச்சிருக்கக் கூடாது அக்கா, யோசிக்காமப் படிச்சிட்டேன்” என்றாள். எனக்கு அந்தப் பெண் மேல் கோபமில்லை. அவளாவது படித்தாளே. அவளே ஓடியாடி, வழக்குக்கு ஒரு வக்கீலம்மாவையும் பேச்சுத் துணைக்கு ஒரு ஆளையும் ஏற்பாடு செய்து கொடுத்தாள்.

தம்பி ஜெயிலுக்குப் போனான். அவன் பெண்டாட்டி என் வீட்டுக்கு வந்தாள். கம்பி எடுத்த பிறகும் வாய் முழுதாகத் திறக்காது. எல்லாவற்றையும் குழைய வடித்துத்தான் கொடுப்பேன். கம்பெனியில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தாள். தெருவில் யாராவது உரக்கப் பேசினால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நிற்பாள். மற்றபடி நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாகவே இருந்தோம்.

அவன் தண்டனை முடிந்து வந்தான். வந்ததும் பழையபடி கடைக்குப் போவான் என்று தெருவே காத்துக்கொண்டிருந்தது. போகவில்லை. தானே போய் வலிப் பிரிவில் நின்றிருக்கிறான். இந்த முறை அவன் வாயால் சொன்னால் போனே எழுதிக்கொள்கிற மாதிரி செய்து கொடுத்தார்கள். விடாமல் பதில் சொன்னான். வலி நாலு, மூன்று என்று இறங்கியது. குடி சுத்தமாக நின்றது. முதலாளி மறுபடி வேலை கொடுத்தார், தட்டுகிற வேலை வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடு என்று. வெளுக்கிற இடத்துக்கே வந்து, “அக்கா, உங்க தம்பி தங்கமா மாறிட்டான். நானே பாக்கறேன்ல? பொண்ணை அனுப்பி வைங்க” என்றார். எதிர்வீட்டுக்காரி சொன்னாள். டீக்கடைக்காரர் சொன்னார். எல்லோருக்கும் அவளை அனுப்பி வைப்பதில் அப்படி ஒரு அவசரம்.

எனக்கும் மனசு இளகியது. என் தம்பி அல்லவா? ஆஸ்பத்திரி நடையில் ஒருநாள் அவனைத் தூரத்திலிருந்து பார்த்தேன். முகத்தில் வீக்கமில்லை, கண்ணில் சிவப்பில்லை, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தான். பள்ளிக்கூடத்துக்குத் தலை வாரி அனுப்பின பிள்ளை மாதிரியே இருந்தான்.

ஒரு விடுமுறை மத்தியானம் அவனே என் வீட்டு வாசலுக்கு வந்தான். நான் கதவைப் பாதி திறந்து பார்த்தேன். வழக்கம்போல முதலில் மோந்துதான் பார்த்தேன். சோப்பு வாசனைதான் அடித்தது.

“அக்கா, அவளைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். நீ சொன்னா கேப்பா.”

“நில்லு, கேட்டுட்டு வரேன்” என்று கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு உள்ளே போனேன். அவள் சுவரோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் யார் என்று குரலிலேயே தெரிந்துகொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

“அவன் குடியை அடியோட விட்டுட்டான்டி” என்றேன். “நர்ஸே சொல்றா. ஒரு சொட்டு கிடையாது. உன்னை அடிச்ச ஆள் இல்ல இது.”

அவள் மடித்த துணியை அடுக்கில் வைத்தாள்.

“குடிச்சா அவருக்குக் கை நடுங்கும் அண்ணி. பாதி அடி சுவத்துல விழும். பாதி நேரம் விழுந்து தூங்கிடுவார். குடிக்காத அன்னைக்குத்தான் குறி தப்பாது. தாடை உடைஞ்சது குடிச்சா? மணிக்கட்டு? நீங்க எதிர்லதானே நின்னீங்க அன்னைக்கு, அவர் குடிச்சிருந்தாரா?”

‘குடி இறங்க இறங்க வலி ஏறிக்கிட்டே போகுதே’ என்று அந்தச் சின்னப் பெண் என் முன்னால்தான் கேட்டாள். என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. போன் அவனிடம் வலியைக் கேட்டது, குடியைக் கேட்டது, இரண்டையும் குறைத்தும் கொடுத்தது. அந்தக் கையை யாரும் கேட்கவில்லை. அது குடிக்கு முன்பும் இருந்தது, சங்கிலிக்கு முன்பும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பல்லைப் பெயர்த்தபோது அவன் என்ன குடித்திருந்தான்?

கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னேன். “தம்பி, மருந்தை விடாமச் சாப்பிடு. போன் கேட்டா பதில் சொல்லு. நல்லா இரு. இங்க மட்டும் வராதே. அவ வர மாட்டா. நானும் அனுப்ப மாட்டேன்.”

“நான்தான் குடியை விட்டுட்டேனேக்கா” என்றான். கெஞ்சுகிற குரல். அந்தக் குரலுக்கு நான் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டேன், பொய் சொல்வானேன். “நீங்க எல்லாரும் சொன்னதைச் செஞ்சிட்டேன்ல? இன்னும் என்னக்கா வேணும் உங்களுக்கு?”

“ஒண்ணும் வேணாம். போடா.”

கதவு வெடித்தது. பலகை உள்பக்கமாகப் பிளந்து, அவன் மடக்கிய கை இந்தப் பக்கம் தெரிந்தது. கதவைத் திறந்து அவள் நின்றிருந்தால் அவள் முகம் இருந்திருக்கும் உயரத்தில். சிராய்கள் என் புடவையில் வந்து விழுந்தன. ரத்தம் பலகை வழியாக வழிந்தது. அவன் கையை உருவிக்கொண்டு, பிளவு வழியாக உள்ளே பார்த்தான். நடுங்காத தெளிந்த கண். என்னைத் தாண்டி அவளைத்தான் தேடியது. அவள் துணியை விட்டு எழுந்து, என் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

நான் போனை எடுத்துப் போலீசைக் கூப்பிட்டேன். யார் அடிக்கிறது என்று கேட்டார்கள். என் தம்பி என்று சொன்னேன். குடித்திருக்கிறானா என்று கேட்டார்கள். இல்லை, சீக்கிரம் வாருங்கள் என்றேன்.